கொட்டகையில் பிறந்த வேகம்

பழுதான பாகத்தைக் கழற்றி எறிந்துவிட்டுக் கடையில் புதியதை வாங்கிப் பொருத்துவது எளிது. அந்தப் பாகத்தைச் செய்த தொழிற்சாலையே மூடப்பட்டுவிட்டால் என்ன செய்வது? பழைய ஊர்திகளைப் பேணிக் காப்போர் உலகெங்கும் எதிர்கொள்ளும் இவ்வினாவுக்கு, வீட்டுக் கொட்டகை ஒன்றில் இருந்தபடி நாற்பது ஆண்டுகளுக்கு மேல் தம் கைகளாலேயே விடை தேடியவர் பர்ட் மன்றோ.

நியூசிலாந்தின் தென்தீவில், அந்நாட்டின் தென்கோடியை ஒட்டி அமைந்த நகரம் இன்வர்கார்கில். அதனைச் சூழ்ந்த பகுதி புல்வெளிகளும் பண்ணைகளும் நிறைந்தது. அங்கு 1899ஆம் ஆண்டு மார்ச் 25ஆம் நாள் ஹெர்பர்ட் ஜேம்ஸ் மன்றோ பிறந்தார். அவருடன் பிறந்த இரட்டைச் சகோதரி பிறக்கும்போதே இறந்துபோனாள். ஈடென்டேல் என்னும் சிற்றூரில் இருந்த பண்ணையில் அவர் வளர்ந்தார். பண்ணை வேலையில் அவர் மனம் ஒன்றவில்லை. வேகமாக ஓடும் எதுவும் அவரை ஈர்த்தது. இளமையில் சிலகாலம் ஒடீரா தொடர்வண்டிச் சுரங்கப்பாதைப் பணியில் உழைத்தார். பின்னர்த் தந்தையின் அழைப்பை ஏற்றுப் பண்ணைக்கே திரும்பினார்.

1920ஆம் ஆண்டில் இன்வர்கார்கில் கடையொன்றில் ‘இந்தியன் ஸ்கவுட்’ என்னும் மோட்டார் சைக்கிளை அவர் வாங்கினார். பெயரில் இந்தியன் என்று இருப்பினும் அவ்வண்டிக்கும் நம் நாட்டுக்கும் தொடர்பில்லை. அமெரிக்கப் பழங்குடியினரைக் குறித்த சொல் அது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தைச் சேர்ந்த ஸ்பிரிங்ஃபீல்டு நகரத் தொழிற்சாலையில், அயர்லாந்துப் பொறியாளர் சார்லஸ் ஃபிராங்ளின் வடிவமைத்த வண்டி அது. ஆங்கில ‘வி’ எழுத்தைப் போல் விரிந்து நிற்கும் இரண்டு சிலிண்டர்களும் 600 சி.சி. கொள்ளளவும் கொண்டது. அதன் உச்ச வேகம் மணிக்கு 55 மைல், அதாவது ஏறத்தாழ 89 கிலோமீட்டர். அக்காலச் சாலைகளுக்கு அவ்வேகம் போதுமானது. மன்றோவுக்கு அது போதவில்லை. 1926ஆம் ஆண்டில் அவ்வண்டியைத் தம் விருப்பப்படி மாற்றி அமைக்கத் தொடங்கினார்.

பகலில் மோட்டார் சைக்கிள் விற்பவராகவும் பழுது நீக்குபவராகவும் அவர் பணியாற்றினார். இரவுகள் பட்டறைக்கு உரியவை ஆயின. திருமணமாகி நான்கு குழந்தைகளுக்குத் தந்தையானார். ஆனால், இரவெல்லாம் இரும்போடு கழித்த அவ்வாழ்வு இல்லறத்தைத் தாங்கவில்லை. 1940களின் இறுதிக்குள் மணமுறிவு நேர்ந்தது, வேலையையும் விட்டார். அதன்பின் அவருடைய இருப்பிடமும் பட்டறையும் ஒன்றாயின. கட்டிலும் கடைசல் எந்திரமும் ஒரே கூரையின்கீழ் இருந்தன. அவரை வியந்து எழுதுவோர் பலர் இப்பகுதியை விரைந்து கடந்துவிடுகின்றனர். அவர் எட்டிய வேகத்திற்கு அவருடைய குடும்பமும் விலை கொடுத்தது என்பதை மறைப்பது முறையன்று.

பட்டறையும் கருவிகளும்

இன்வர்கார்கிலுக்கும் ஸ்பிரிங்ஃபீல்டுக்கும் இடையே பெருங்கடல் கிடந்தது. 1938ஆம் ஆண்டின் இறுதியில் நியூசிலாந்து அரசு இறக்குமதிக்கு உரிம முறையைக் கொண்டுவந்தது. வெளிநாட்டுப் பொருள் பெறுவது மேலும் அரிதாயிற்று. 1953ஆம் ஆண்டில் அத்தொழிற்சாலையே உற்பத்தியை நிறுத்திக்கொண்டது. எனினும், தொழிற்சாலை இயங்கியிருந்தாலும் மன்றோவின் சிக்கல் தீர்ந்திருக்காது. அவர் கேட்ட பாகம் எந்தத் தொழிற்சாலையின் அடுக்கிலும் இருக்கவில்லை. 55 மைல் வேகத்திற்கு என்று செய்யப்பட்ட பாகங்கள் அதைப்போல் இருமடங்கு, மும்மடங்கு வேகத்தில் தாங்கா.

அதன் காரணம் எளிய இயற்பியலே. சிலிண்டருக்குள் பிஸ்டன் மேலே சென்று, ஒரு கணம் நின்று, கீழே திரும்புகிறது. ஒவ்வொரு முறை திரும்பும்போதும் அதனை இழுத்து நிறுத்தும் சுமை இணைப்புத்தண்டின்மேல் விழுகிறது. எந்திரத்தின் சுழற்சி இருமடங்கானால் இச்சுமை நான்கு மடங்காகிறது. மும்மடங்கானால் ஒன்பது மடங்காகிறது. ஓரிடத்தில் மயிரிழை அளவு கீறல் இருந்தாலும் அது விரிந்து தண்டு முறியும். முறிந்த தண்டு எந்திரத்தின் உறையையே உடைத்துக்கொண்டு வெளிவரும். மன்றோவின் எந்திரம் இவ்வாறு பலமுறை சிதறியது. ஒவ்வொரு முறையும் சிதறியவற்றைப் பொறுக்கி எடுத்து, எங்கே முறிந்தது, ஏன் முறிந்தது என்று ஆராய்ந்து, அடுத்ததைச் சற்றே வேறுவிதமாகச் செய்தார்.

பிஸ்டன்களை அவரே வார்த்தார். உலோகத்தை உருக்கிப் பழைய தகர டப்பாக்களில் ஊற்றினார். ஆறிய கட்டியைக் கடைசல் எந்திரத்தில் பொருத்திச் சுழலவிட்டு, வேண்டிய விட்டம் வரும்வரை சீவினார். வாசிப்பதற்கு எளிதாகத் தோன்றும் இவ்வேலையின் கடினம் அளவில்தான் இருக்கிறது. பிஸ்டன் சூடேறினால் விரியும். சிலிண்டருக்கும் அதற்கும் இடையே விடும் இடைவெளி குறைந்தால், ஓடும்போதே இறுகிப் பிடித்துக்கொள்ளும். பின்சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி கவிழும். இடைவெளி மிகுந்தால் எரிவளி கசிந்து ஆற்றல் வீணாகும். அங்குலத்தில் ஆயிரத்தில் சில பங்கு என்னும் நுண்ணிய எல்லைக்குள் அந்த அளவு அமைய வேண்டும். இவ்வளவு நுட்பமான வேலைக்கு அவர் அளவுகோலாகக் கொண்டது ஒரு பழைய சக்கரத்தின் ஆரக்கம்பி. விலையுயர்ந்த நுண்ணளவியின் வேலையை அக்கம்பியும் அவருடைய விரல்களும் செய்தன.

சிலிண்டருக்கு ஏற்ற வார்ப்பிரும்பைத் தேடியவருக்கு நிலத்தடியிலிருந்து எடுக்கப்பட்ட பழைய எரிவாயுக் குழாய் கிடைத்தது. பல்லாண்டு மண்ணில் கிடந்த அந்த இரும்பைக் குடைந்து தமக்கு வேண்டிய சிலிண்டராக்கினார். இணைப்புத்தண்டுகளை டிராக்டர் ஒன்றின் அச்சிலிருந்து அறுத்து, அரத்தால் இழைத்து உருவாக்கினார். டிராக்டரின் அச்சு பெருஞ்சுமையைத் தாங்கப் பிறந்த எஃகு என்பதால் அத்தேர்வு அறிவார்ந்தது. அறுத்து இழைத்ததோடு வேலை முடிந்துவிடவில்லை. எஃகைச் சூடாக்கிக் குளிர்வித்துக் கடினமாக்க வேண்டும். கடினமானது கண்ணாடியைப்போல் நொறுங்காதிருக்க, மீண்டும் மிதமாகச் சூடாக்கிப் பதப்படுத்த வேண்டும்.

தொழிற்சாலையில் அமைந்த எந்திரத்தில் வால்வுகள் சிலிண்டரின் பக்கவாட்டில் இருந்தன. உள்ளே வரும் காற்றும் எரிபொருளும் வளைந்து திரும்பிச் செல்ல வேண்டியிருந்ததால் அதிகச் சுழற்சிக்கு அவ்வமைப்பு ஒவ்வாது. மன்றோ வால்வுகளைச் சிலிண்டரின் தலைப்பகுதிக்கு மாற்றினார். வால்வைத் திறந்து மூடும் கேம்களையும் சுழற்சியைச் சீராக்கும் கனத்த சக்கரங்களையும் தாமே செய்தார். 600 சி.சி.யாக இருந்த கொள்ளளவு படிப்படியாக 950ஐ எட்டியது. இவ்வாறு ஒவ்வொன்றாக மாறி, கடையில் வாங்கிய வண்டியில் எஞ்சியது சிறிதளவே. அவ்வண்டிக்கு ‘மன்றோ ஸ்பெஷல்’ என்னும் பெயர் பொருத்தமானதே.

பட்டறைச் சுவரில் ஓர் அடுக்குப் பலகை இருந்தது. ஓட்டையான பிஸ்டன்கள், முறிந்த தண்டுகள், வளைந்த வால்வுகள் ஆகியவை அதில் வரிசையாக வைக்கப்பட்டிருந்தன. வேகத்தின் கடவுளுக்குத் தாம் படைத்த காணிக்கைகள் என்னும் பொருள்பட அதன்மேல் அவர் எழுதி வைத்திருந்தார். அது வெறும் வேடிக்கையன்று. தோல்விகளைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டு வேலை செய்தவரின் பதிவேடு என்றே அப்பலகையைக் கொள்ள வேண்டும்.

உப்பு வெளியில்

இன்வர்கார்கிலுக்கு அருகிலுள்ள ஒரெட்டி கடற்கரையின் இறுகிய மணலில் மன்றோ நெடுங்காலம் வண்டி ஓட்டிப் பார்த்தார். எந்திரத்தின் ஆற்றல் பெருகப் பெருக, அந்த மணற்பரப்பு போதவில்லை. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், பண்டை ஏரி ஒன்று வற்றியதால் உருவான பரந்த உப்பு வெளி பானவில். கண்ணுக்கு எட்டிய தூரம் மேடுபள்ளமின்றிக் கிடக்கும் அவ்வெளியில் ஆண்டுதோறும் வேகப் போட்டிகள் நடைபெறும். மன்றோ அங்குப் பத்து முறை சென்றார். முதன்முறை பார்வையாளராக மட்டுமே சென்று, களத்தை அறிந்துவந்தார்.

உப்பு வெளியில் அவருக்குப் பெரும்பகை காற்று. வேகம் இருமடங்கானால் காற்றின் தடை நான்கு மடங்காகும். அதை வெல்லத் தேவைப்படும் ஆற்றலோ எட்டு மடங்காகும். வண்டியின் வடிவம் மாறாதிருந்தால், 55 மைலிலிருந்து 183 மைலுக்கு உயர முப்பத்தேழு மடங்கு ஆற்றல் வேண்டும் என்று கணக்கு காட்டுகிறது. கொட்டகையில் செய்த எந்திரத்தால் அவ்வளவும் இயலாது. எனவே, காற்றைக் கிழித்துச் செல்லும் மூடுறை ஒன்றையும் அவர் வடிவமைத்தார். அதனுள் உடலை ஒடுக்கிக்கொண்டு ஓட்டினார்.

1962ஆம் ஆண்டு, 63ஆம் வயதில், 883 சி.சி. பிரிவில் மணிக்கு 178.95 மைல் என்னும் உலகச் சாதனையைப் படைத்தார். 1966ஆம் ஆண்டு 1000 சி.சி. பிரிவில் 168.07 மைல். அதற்கடுத்த ஆண்டு, 1967இல், அவருக்கு வயது 68; வண்டிக்கு வயது 47. தகுதிச் சுற்றில் ஒரு திசை ஓட்டத்தில் மணிக்கு 190.07 மைலை, அதாவது ஏறத்தாழ 306 கிலோமீட்டரை எட்டினார். சாதனைக்கான விதியோ ஒரு திசை ஓட்டத்தை ஏற்பதில்லை. எதிரெதிர்த் திசைகளில் ஓடிய இரு ஓட்டங்களின் சராசரியே கணக்கில் கொள்ளப்படும். காற்றின் துணையால் பெற்ற வேகம் இதனால் நீங்கிவிடும். இரு ஓட்டங்களையும் முடித்து, 183.59 மைல் என்னும் சராசரியோடு 1000 சி.சி.க்கு உட்பட்ட பிரிவில் அவர் பெயர் பதிவாயிற்று. இதயநோய் உள்ளவர் என்று முன்னரே அறியப்பட்டிருந்தவர் அவர்.

1977இல் பக்கவாத நோய்க்கு ஆளானபின், கருவிகளைக் கையாளும் திறன் குறைந்ததை மன்றோ உணர்ந்தார். தம் வண்டிகள் பிறந்த மண்ணைவிட்டு நீங்கக் கூடாது என்று விரும்பி, உள்ளூர் வணிகர் ஒருவருக்கே அவற்றை விற்றார். 1978ஆம் ஆண்டு ஜனவரி 6ஆம் நாள், தம் 78ஆம் வயதில் காலமானார். 2005ஆம் ஆண்டில் ரோஜர் டொனால்ட்சன் இயக்கத்தில் ஆந்தனி ஹாப்கின்ஸ் நடித்து வெளிவந்த திரைப்படம் அவரை உலகறியச் செய்தது. பல ஆண்டுகளில் நிகழ்ந்த பயணங்களை ஒரே பயணமாகச் சுருக்கிக் காட்டுவதால், அப்படத்தை வரலாறாகக் கொள்ள இயலாது.

மன்றோவின் கணக்கு அவரோடு முடிந்துவிடவில்லை. 1967ஆம் ஆண்டின் பதிவுகளைப் பின்னாளில் பார்த்த அவருடைய மகன் ஜான், சராசரி தவறாகக் கணக்கிடப்பட்டிருப்பதைக் கண்டறிந்தார். ஒரு திசையில் 184.710 மைல், மறு திசையில் 183.463 மைல், இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்தால் கிடைப்பது 184.087. அமெரிக்க மோட்டார் சைக்கிள் சங்கம் தவற்றை ஏற்று, 2014ஆம் ஆண்டில், மன்றோ இறந்து முப்பத்தாறு ஆண்டுகளுக்குப் பின், அவருடைய சாதனையைத் திருத்தி எழுதியது. இன்வர்கார்கிலில் ஒரு வன்பொருள் கடையில், திருகாணிகளும் அரங்களும் அடுக்கப்பட்ட தட்டுகளுக்கு நடுவே, அவ்வண்டி இன்றும் நிற்கிறது.