மதுரை ஆண்ட கான்சாகிபு

வாளினால் நாட்டைக் கவர்ந்தோர் பலர். சொல்லினால் கவர்ந்தோரும் உளர். ஒருவர்மீது பழியைப் பரப்பி, கேட்போர் உள்ளத்தில் அச்சத்தை விதைத்து, அவ்வச்சம் முளைத்தபின் ஆட்சியைப் பற்றிக்கொள்ளுதல் உலக வரலாற்றில் பன்முறை நிகழ்ந்துள்ளது. மதுரை மாநகரில் 1764-ஆம் ஆண்டில் நேர்ந்த ஒரு வீழ்ச்சி இதனை நன்கு விளக்கும். அது கான்சாகிபு என்னும் வீரரின் வரலாறாகும்.

இராமநாதபுரம் சீமையைச் சேர்ந்த பனையூரில், 1725-ஆம் ஆண்டையொட்டி, ஓர் எளிய வேளாளர் குடும்பத்தில் அவர் பிறந்தார். மருதநாயகம் என்பது பெற்றோர் இட்ட பெயர் என்பர். இளமையிலேயே ஊரை விட்டு வெளியேறிய அவர், இசுலாமிய சமயத்தைத் தழுவி முகம்மது யூசுப்கான் எனப் பெயர் பூண்டார். படைத்தொழில் பயின்று சிப்பாயானார். 1752-இல் திருச்சிராப்பள்ளியைச் சூழ்ந்து நடந்த போரில் கிளைவு முதலிய ஆங்கிலத் தளபதிகளின்கீழ்ப் பணியாற்றிப் புகழ் பெற்றார். 1758-ஆம் ஆண்டின் இறுதியில் பிரெஞ்சுத் தளபதி லாலி சென்னைக் கோட்டையை முற்றுகையிட்டான். அப்போது கான்சாகிபு கோட்டைக்கு வெளியே நின்று, பகைவர்க்கு வந்த உணவுப்பொருள்களைத் தடுத்து, அவர்களை ஓயாது அலைக்கழித்தார். கும்பெனியின் சிப்பாய்கள் அனைவர்க்கும் தலைவராக அவர் உயர்ந்தமைக்கு அவருடைய ஆற்றலே காரணமாகும்.

அக்காலத்தில் மதுரை நாடு அமைதியிழந்து கிடந்தது. நாயக்கர் ஆட்சி முடிவுற்றபின் ஆர்க்காட்டு நவாபின் ஆட்கள் வரி தண்ட வந்தனர்; பாளையக்காரர் பலர் வரி கொடுக்க மறுத்தனர். வழிப்பறிக்கு அஞ்சி வணிகர் பயணம் செய்யத் தயங்கினர். கும்பெனியார் கான்சாகிபை 1756-இல் மதுரைக்கு அனுப்பினர். பின்னர் 1759-இல் ஆண்டுக்கு ஐந்து இலட்சம் ரூபாய்க் குத்தகைக்கு மதுரை, திருநெல்வேலிச் சீமைகள் அவர் பொறுப்பில் விடப்பட்டன.

கான்சாகிபு திறமையுடன் ஆண்டார். ஏரிகளும் கால்வாய்களும் செப்பனிடப்பெற்றன. நெசவாளர்க்கு ஆதரவு கிடைத்தது. வழிகளில் காவல் ஏற்பட்டது. மீனாட்சியம்மன் கோயிலுக்குரிய நிலங்களைப் பிறர் கைப்பற்றியிருந்தனர். அவற்றை மீட்டுக் கோயிலுக்கே அவர் அளித்தார். ஆயினும் அவர் ஆட்சியில் இருள் இல்லாமல் இல்லை. பாளையங்களிலும் கள்ளர் நாட்டிலும் அவர் கையாண்ட முறை மிகக் கொடியது. 1761-இல் பூலித்தேவரின் வாசுதேவநல்லூர்க் கோட்டையைத் தகர்த்தார். பலர் அவருக்குப் பணிந்தனர். அன்பினால் அன்று, அச்சத்தினால். அவ்வச்சம் பிற்காலத்தில் அவருக்கே பகையாயிற்று.

ஆர்க்காட்டு நவாபு முகம்மது அலி கும்பெனிக்குப் பெருங்கடன் பட்டிருந்தார். மதுரை நாட்டின் வருவாய் தம் கைக்கு வரவேண்டுமென அவர் விரும்பினார். போரிட்டு வெல்ல அவரால் இயலாது. ஆகவே குற்றச்சாட்டையே கருவியாகக் கொண்டார். கான்சாகிபு தம் ஏவலரே என்றும், படை பெருக்கித் தனியரசு நாட்ட எண்ணுகிறார் என்றும் கும்பெனியாரிடம் முறையிட்டார். கான்சாகிபோ, குத்தகைப் பணத்தை ஏழு இலட்சமாக உயர்த்தி நேரே கும்பெனிக்குச் செலுத்த முன்வந்தார். கும்பெனியார் இசையவில்லை, அவர் நவாபுக்குக் கீழ்ப்பட்டவரே என்று முடிவு செய்தனர். நவாபின் கடன் வசூலாக வேண்டுமானால் நவாபின் வருவாய் பெருக வேண்டுமன்றோ?

மாணவர்களே! பழிச்சொல் வேலை செய்யும் முறையை இங்கே கவனியுங்கள். தம்மைப் பிடிப்பர் என்று அஞ்சிய கான்சாகிபு கோட்டையை வலுப்படுத்தினார், வீரர்களைச் சேர்த்தார், பிரெஞ்சுக்காரரின் துணையை நாடினார். அச்செயல்களையே பகைவர் சான்றாகக் காட்டினர். முதலில் ஐயமாக இருந்தது, இறுதியில் உண்மையாகவே மாறிற்று. 1763-இல் அவர் தம்மைத் தனியரசராகக் கருதிப் பிரெஞ்சுக் கொடியை ஏற்றினார்.

அவ்வாண்டிலேயே கும்பெனிப் படையும் நவாபின் படையும் மதுரையைச் சூழ்ந்தன. சிவகங்கை, இராமநாதபுரம் சீமைகளும் நவாபின் பக்கமே நின்றன. கான்சாகிபினால் ஒடுக்கப்பட்டோர் அவருக்குத் துணைவரவில்லை. இருந்தும் கோட்டை எளிதில் விழவில்லை. 1764 ஜூன் மாதத்தில் நடந்த பெருந்தாக்குதலை அவர் முறியடித்தார். ஆகவே ஆங்கிலேயர் போரை விடுத்துப் பட்டினியைக் கருவியாக்கினர். கோட்டைக்குள் உணவு வற்றியது, உறுதியும் தளர்ந்தது. சினமிகுந்த வேளையில் கான்சாகிபு பிரெஞ்சுத் தளபதி மார்ச்சந்தை அடித்து அவமதித்தார் என்பர். அவமதிக்கப்பட்டவனும், அஞ்சியவர்களும் ஒன்றுகூடினர். அக்டோபர் 13-ஆம் நாள் அவர் தொழுகையில் இருந்தபோது, திவான் சீனிவாசராவ், பாபா சாகிபு, மார்ச்சந்து ஆகியோர் ஆட்களுடன் புகுந்து, அவருடைய தலைப்பாகைத் துணியாலேயே அவரைக் கட்டினர். பின்னர்ப் பகைவரிடம் ஒப்படைத்தனர்.

அக்டோபர் 15-ஆம் நாள், மதுரைக்கு மேற்கேயுள்ள சம்மட்டிபுரத்தில், நவாபின் ஆணைப்படி அவர் தூக்கிலிடப்பட்டார். அவ்வளவில் வெற்றி பெற்றோர் மனம் அடங்கவில்லை. அவர் உடலைத் துண்டித்துத் திருச்சிராப்பள்ளி, தஞ்சை, பாளையங்கோட்டை முதலிய ஊர்களுக்கு அனுப்பினர் என்று கூறுவர். இனி எவரும் எதிர்த்து எழக்கூடாது என அச்சுறுத்துவதே அதன் நோக்கம்.

ஆனால் அச்சம் நெடுநாள் காவல் செய்வதில்லை. மதுரையைப் பெற்ற நவாபின் குடும்பம், 1801-ஆம் ஆண்டு உடன்படிக்கையால் கர்நாடகம் முழுவதையும் கும்பெனியிடம் இழந்தது. எந்தக் கும்பெனியின் படையைத் துணைக்கொண்டு பிறர் நாட்டைக் கவர்ந்தாரோ, அந்தக் கும்பெனியே அவர் வழித்தோன்றல்களின் நாட்டைக் கவர்ந்தது. தூக்கிலிடப்பட்டவரின் பெயரோ அழியவில்லை. சம்மட்டிபுரத்தில் அவர் அடக்கவிடம் பள்ளிவாசலாக விளங்குகின்றது. மதுரையில் கான்சாமேட்டுத் தெரு அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது. கான்சாகிபு சண்டை என்னும் கதைப்பாடலை நாட்டுமக்கள் பாடி வந்துள்ளனர்.

ஒருவர்மீது பழி பரவும்போது, அப்பழியால் பயன் பெறுபவர் யார் என்று ஆராய்ந்து பார்த்தல் அறிவுடையோர் கடமை. அச்சத்தினால் ஆள்பவர்க்குத் துன்பக்காலத்தில் துணைவர் இரார் என்பதையும் மறத்தலாகாது. இவ்விரண்டு உண்மைகளையும் கான்சாகிபின் வாழ்வு நமக்கு ஒருங்கே உணர்த்துகின்றது.