ஏலாக்குறிச்சியும் வீரமாமுனிவரும்

நம் திருவெறும்பூருக்கு வடகிழக்கே, கொள்ளிடத்தின் வடகரைப்பாலுள்ள சிற்றூர் ஏலாக்குறிச்சி. அவ்வூர்ப் பங்கினைத் தமிழுலகம் அறியச் செய்தவர் வீரமாமுனிவர்.

1680-ஆம் ஆண்டு இத்தாலி தேயத்திற் பிறந்த இப்பெரியார், இயேசு சபைத் துறவியாகி, 1711-இல் தமிழகம் போந்தனர். ஏலாக்குறிச்சியில் அடைக்கல மாதாவுக்கு ஆலயம் எடுத்து, அவ்வூர்க்குத் திருக்காவலூர் எனப் பெயரிட்டு, கலம்பகமும் பாடினர். 3,615 பாக்களாலான தேம்பாவணியும், 1732-இல் முற்றிய சதுரகராதியும் அவர்தம் புலமைக்குச் சான்றாம்.

ஆயினும் யாம் ஈண்டுப் பெரிதும் போற்றுவது பிறிதொன்று. அந்நாளிற் குருமார் மிகச் சிலர், ஊர்களோ பல. குரு வாராத நாட்களிற் செபம் நடத்தியும், சிறார்க்கு ஞானோபதேசம் புகட்டியும், சாகுந் தறுவாயினர்க்கு ஞானஸ்நானம் அளித்தும் திருச்சபையைப் பேணியவர் உள்ளூர் உபதேசியாரே. இதனை நன்குணர்ந்த முனிவர், அவர்கள் கைக்கொள்ளத்தக்க நெறிகளை வேதியர் ஒழுக்கம் என்னும் வசன நூலாக வகுத்தளித்தனர். பெருங்காப்பியம் இயற்ற வல்லவர், எளிய உபதேசியார்க்கெனத் தனியே ஒரு நூல் செய்தமை வியத்தற்குரியது.

1747-இல் முனிவர் மறைந்தனர். அப்பங்கு இன்றும் நிலவுகின்றது. ஆலயத் திருவிழாவிற்கு மனமுவந்து பொருள் வழங்கும் நம் சங்கக் குடும்பத்தார், தத்தம் ஊரில் ஞானோபதேச வகுப்பிற்கும் சிறாரின் தமிழ்க் கல்விக்கும் அதிலொரு பகுதியை ஒதுக்குவாராயின், அதுவே அம்முனிவர்க்கு நாம் செய்யும் கைம்மாறாகும்.