பிடி அரிசியில் நடந்த பள்ளி: புனிதர் குரியாகோஸ் எலியாஸ் சாவராவின் வாழ்க்கை

கேரளத்தின் குட்டநாட்டில், நீர் சூழ்ந்த கைனகரி கிராமத்தில் 1805-ஆம் ஆண்டு பிப்ரவரி 10-ஆம் தேதி பிறந்தவர் குரியாகோஸ் எலியாஸ் சாவரா. குருத்துவப் படிப்பில் இருந்த இளம் வயதிலேயே, ஒரே கொள்ளைநோயில் தந்தை, தாய், ஒரே சகோதரர் ஆகிய மூவரையும் அவர் இழந்தார். வீட்டில் எஞ்சியிருந்தது சகோதரரின் சிறு மகள் மட்டுமே. வீட்டையும் நிலத்தையும் காக்க ஆண் வாரிசு வேண்டும், படிப்பை விட்டு ஊர் திரும்ப வேண்டும் என்று உறவினர்கள் வற்புறுத்தினர். சாவரா ஊருக்கு வந்தார். குடும்பச் சொத்தின் பொறுப்பை மூத்த சகோதரியின் குடும்பத்திடம் ஒப்படைத்துவிட்டுக் குருமடத்திற்கே திரும்பிச் சென்றார். தமக்கென எதையும் வைத்துக்கொள்ளாத அவரே பின்னாளில் ஒரு துறவற சபையின் உடைமைகளுக்கும், ஏழைப் பிள்ளைகளின் உணவுக்கும் பொறுப்பேற்க நேர்ந்தது.

பள்ளிப்புரம் குருமடத்தில் பாலக்கல் தோமா மல்பானிடம் பயின்ற சாவரா, 1829-ஆம் ஆண்டு நவம்பர் 29-ஆம் தேதி அர்த்துங்கலில் குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்டார். மல்பான் என்பது சிரியாக் மரபில் ஆசிரியரைக் குறிக்கும் பட்டம். பாலக்கல் மல்பானும் போரூக்கரா தோமா மல்பானும் சிரோ மலபார் திருச்சபையினருக்கென ஒரு துறவு இல்லம் அமைக்கத் திட்டமிட்டிருந்தனர். அதற்கான அடிக்கல் 1831-ஆம் ஆண்டு மே 11-ஆம் தேதி கோட்டயத்திற்கு அருகிலுள்ள மான்னானம் குன்றில் நாட்டப்பட்டது. ஆனால் 1841-இல் பாலக்கல் மல்பானும் 1846-இல் போரூக்கரா மல்பானும் காலமாயினர். பணி முழுவதும் இளையவரான சாவராவின் தோளில் விழுந்தது.

இரண்டாவது வழிகாட்டியையும் இழந்த அதே 1846-ஆம் ஆண்டில் மான்னானத்தில் ஒரு சமஸ்கிருதப் பள்ளியும் ஓர் அச்சகமும் தொடங்கப்பட்டன. பள்ளியில் பாடம் நடத்தத் திருச்சூரிலிருந்து வாரியர் ஒருவர் அழைத்துவரப்பட்டார். அச்சகத்தின் கதை இன்னும் சுவையானது. அச்சுப்பொறி வாங்கப் பணமில்லாத நிலையில், திருவனந்தபுரம் அரசு அச்சகத்தைப் பார்த்துவந்த சாவரா, வாழைத்தண்டில் அதன் மாதிரியைச் செய்துகாட்டி, தச்சரைக்கொண்டு மரத்தில் அதை உருவாக்கினார் என்பது மான்னானம் மரபு. அங்கு முதலில் அச்சேறிய நூல் ஞானபீயூஷம் என்னும் செப நூல். மலையாள நாளிதழான தீபிகா, நஸ்ராணி தீபிகா என்ற பெயரில் 1887-இல் வெளிவரத் தொடங்கியதும் இதே அச்சகத்திலிருந்துதான்.

அக்காலத் திருவிதாங்கூரில் ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளுக்குக் கல்வி எட்டாத தொலைவில் இருந்தது. அடிமை முறையை ஒழிக்கும் அரசாணையே 1855-இல்தான் பிறப்பிக்கப்பட்டது. மான்னானத்திற்கு அருகே ஆர்ப்பூக்கராவில் அத்தகைய பிள்ளைகளுக்கென ஒரு பள்ளியைச் சாவரா தொடங்கினார். கூலிவேலை செய்யும் பெற்றோர் பிள்ளைகளை அனுப்பத் தயங்கியதற்குக் காரணம் எளிது. வயலுக்குச் சென்றால் பிள்ளைக்குக் கஞ்சி கிடைக்கும். பள்ளிக்குச் சென்றால் கிடைக்காது. மதிய உணவு தராமல் எந்தப் பள்ளியும் நிலைக்காது என்பதை அவர் கண்டுகொண்டார்.

உணவுக்கான வழியைச் செல்வந்தர்களின் நன்கொடையில் அவர் தேடவில்லை. ஒவ்வொரு வீட்டிலும் உலை வைக்கும்முன், அளந்தெடுத்த அரிசியிலிருந்து ஒரு பிடியைத் தனியே எடுத்துவைக்குமாறு கேட்டுக்கொண்டார். மலையாளத்தில் இது பிடியரி எனப்படுகிறது. சேர்ந்த அரிசி திரட்டப்பட்டு ஏழை மாணவர்களின் உணவாயிற்று. நாள்தோறும் ஒரு பிடி குறைந்தால் எந்த வீடும் பட்டினி கிடக்காது. நூறு வீடுகள் தந்தால் ஒரு பள்ளி பசியாறும். கொடுப்பவர் தாமும் எளியவராக இருக்கலாம் என்பதே இத்திட்டத்தின் வலிமை.

1855 டிசம்பர் 8-ஆம் தேதி சாவராவும் உடன் பத்துப் பேரும் துறவற வாக்குறுதி அளித்தனர். இன்று சி.எம்.ஐ. என அறியப்படும் அமல உற்பவ மரியாவின் கார்மேல் சபை இவ்வாறு உருப்பெற்றது. 1861-இல் திருத்தந்தையின் அனுமதியின்றிக் கேரளம் வந்த கல்தேய ஆயர் தாமஸ் ரோக்கோஸின் பின்னே ஏராளமான பங்குகள் சென்றபோது, சாவரா பொதுப் பதில்குருவாக நியமிக்கப்பட்டார். பங்கு பங்காகச் சென்று பேசிப் பிளவைத் தணிக்கும் பணி அவருக்கு வாய்த்தது. மறு ஆண்டில் ரோக்கோஸ் நாடு திரும்பினார்.

ஒவ்வோர் ஆலயத்துடனும் ஒரு பள்ளி அமைய வேண்டும் என்ற 1864-ஆம் ஆண்டின் ஆணையே சாவராவின் பெயரோடு அதிகம் பேசப்படுகிறது. அந்த ஆணையின் பெருமை அவருக்கு உரியதா, அவருடைய மேலதிகாரியான பெர்னார்தின் பச்சினெல்லிக்கு உரியதா என்பதில் திருச்சபை வரலாற்றாசிரியர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. பள்ளிக்கூடம் என்ற சொல்லே இதிலிருந்து பிறந்தது எனக் கூறுவோரும் உளர். அச்சொல்லோ அதைவிட மிகப் பழமையானது. 1866-இல் கூனம்மாவில் பெண்களுக்கான துறவு மடமும், 1869-இல் கைனகரியில் ஆதரவற்ற முதியோருக்கும் இறக்கும் தறுவாயில் உள்ளோருக்குமான இல்லமும் தொடங்கப்பட்டன.

பொறுப்பைப் பற்றிய அவரது எண்ணங்களை அறிய, 1868 பிப்ரவரி 13-ஆம் தேதி கைனகரிப் பங்கு மக்களுக்கு அவர் எழுதிய குடும்ப அறிவுரை மடலைப் படிக்க வேண்டும். நல்ல அப்பனின் இறுதி முறி என்னும் பொருள்படும் மலையாளப் பெயரால் அது அறியப்படுகிறது. அதில் இறையியல் குறைவு, இல்லறக் கணக்கு அதிகம். மிக அவசரமான தேவையின்றிக் கடன் வாங்கக் கூடாது. வேலையாளின் கூலியை நிறுத்திவைக்கக் கூடாது. செல்வத்தைப் பகட்டாகக் காட்டக் கூடாது. வழக்கு மன்றம் ஏறுவதைத் தவிர்க்க வேண்டும். பிள்ளைகளைப் பெற்றோரின் உடைமையாக அவர் கருதவில்லை; கடவுள் பாதுகாக்கக் கொடுத்த செல்வம் என்றும், அதற்கு ஒருநாள் கணக்குக் கொடுக்க வேண்டும் என்றும் எழுதினார்.

1871-ஆம் ஆண்டு ஜனவரி 3-ஆம் தேதி கூனம்மாவில் சாவரா காலமானார். அவரது திருவுடல் எச்சங்கள் 1889-இல் மான்னானத்திற்குக் கொண்டுவரப்பட்டன. 1986 பிப்ரவரி 8-ஆம் தேதி கோட்டயத்தில் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், அல்போன்சாவுடன் சேர்த்து அவரை அருளாளராக அறிவித்தார். அடுத்த ஆண்டு இந்திய அரசு அவரது நினைவாக அஞ்சல்தலை வெளியிட்டது. 2014 நவம்பர் 23-ஆம் தேதி திருத்தந்தை பிரான்சிஸ் அவருக்குப் புனிதர் பட்டம் வழங்கினார். அதே நிகழ்வில் புனிதரான மற்றொரு கேரளத்தவர் யூப்ரேசியா. கூனம்மாவில் தொடங்கிய அந்தப் பெண் துறவு மரபில் வந்தவர்.