இமாம் கஸ்ஸாலி கண்ட நனவும் கனவும்

உறங்குகின்றவன் தான் உறங்குவதை அறிவதில்லை. கனவில் காணும் வீடும் வீதியும் எதிர்ப்படும் மனிதரும் அப்பொழுது அவனுக்கு முழு உண்மை. விழித்த பின்னரே அவை பொய்யாய்ப் போகின்றன. எல்லோரும் அறிந்த இச்சிறு செய்தியைக் கொண்டு அறிவின் அடித்தளத்தையே அசைத்துப் பார்த்த பேரறிஞர் ஒருவர் 11ஆம் நூற்றாண்டில் வாழ்ந்தார். அவரே ஹுஜ்ஜத்துல் இஸ்லாம் எனப் போற்றப்பெறும் இமாம் அபூஹாமித் முஹம்மது கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள். அன்னாரை மார்க்க மேதையாகக் காட்டும் வரலாறுகள் பல உள. நாம் இங்கு உறக்கம், கனவு, உணர்வுநிலை ஆகியன பற்றி அன்னார் எண்ணியவற்றையும், அவ்வெண்ணங்கள் அவர்தம் வாழ்வை அலைக்கழித்த வகையையும் மட்டுமே எடுத்துக்கொள்வோம்.

கி.பி. 1058ஆம் ஆண்டு (ஹிஜ்ரி 450) குராசான் நாட்டுத் தூஸ் நகரில் அன்னார் பிறந்தார். இளமையிலேயே தந்தையை இழந்தார். இறக்குமுன் தந்தை, தம் இரு மைந்தரையும் கைப்பொருளோடு ஸூஃபி நண்பர் ஒருவரிடம் ஒப்படைத்திருந்தார். பொருள் தீர்ந்ததும், உணவும் உறையுளும் கிடைக்கும் என்பதற்காகவே அச்சிறுவர்கள் மதரஸாவில் சேர்க்கப்பட்டனர். வயிற்றுக்காகத் தொடங்கிய கல்வி அவரை நைசாப்பூருக்கு அழைத்துச் சென்றது. அங்கு இமாமுல் ஹரமைன் ஜுவைனீ அவர்களின் தலைமாணாக்கராய் விளங்கினார். 1085இல் ஆசிரியர் மறைந்தபின், செல்ஜூக் பேரரசின் அமைச்சர் நிஜாமுல் முல்க்கின் அவையை அடைந்தார். 1091இல் பாக்தாத் நிஜாமிய்யாவின் தலைமைப் பேராசிரியரானார். அப்பொழுது அகவை முப்பத்து மூன்றே. அன்னார் முன் முந்நூறு மாணவர் அமர்ந்து பாடம் கேட்டனர்.

இவ்வளவு புகழுக்குள்ளும் உள்ளத்தில் ஒரு வினா அரித்துக்கொண்டிருந்தது. ஐயத்திற்கு இடமே இல்லாத அறிவு எது? இவ்வினாவின் வரலாற்றை அன்னாரே தம் இறுதிக் காலத்தில் எழுதிய ‘அல்முன்கிது மினள் ளலால்’ என்னும் சிறு நூலில் பதிந்துள்ளார். முதலில் ஐம்புலன்களைச் சோதித்தார். நிழல் அசையாது நிற்பதாகக் கண் சொல்கிறது. சற்று நேரம் கழித்துப் பார்த்தால் அது நகர்ந்திருக்கிறது. விண்மீன் ஒரு பொற்காசளவே தெரிகிறது. கணிதமோ அது பூமியினும் பெரிதென்று மெய்ப்பிக்கிறது. ஆகவே புலனறிவைப் பகுத்தறிவு என்னும் நீதிபதி பொய்யாக்கிவிட்டது. அந்நீதிபதிக்கும் மேலே இன்னொரு நீதிபதி இருந்து, அவர் வெளிப்படும் நாளில் பகுத்தறிவின் தீர்ப்பும் தள்ளுபடியானால் என் செய்வது?

இங்குதான் கனவு சாட்சியாக வந்து நிற்கிறது. கனவில் நாம் எதையும் ஐயுறுவதில்லை. நனவு வந்த பிறகே அதன் பொய்ம்மை விளங்குகிறது. அவ்வாறாயின், கனவுக்கு நனவு எப்படியோ அப்படி நம் நனவுக்கு மேற்பட்ட ஒரு நிலை இருத்தல் கூடாதா? அந்நிலையை எய்தியவனுக்கு இந்நனவும் ஒரு கனவாய்த் தோன்றாதா? ஸூஃபிகள் கூறும் ‘ஹால்’ அதுவாயிருக்கலாம். இறப்பிற்குப் பின் வருவதும் அதுவாயிருக்கலாம். எதிர்வாதம் தேடினார், கிட்டவில்லை. வாதம் என்பதே அடிப்படை உண்மைகளின் மேல் கட்டப்படுவது; ஐயமோ அவ்வடிப்படைகளையே பிடித்துக்கொண்டது. ஏறத்தாழ இரண்டு திங்கள் அன்னார் இந்நோயில் உழன்றார். நோய் என்பது அவரே இட்ட பெயர். வெளியே வாய் திறந்து எவரிடமும் கூறவில்லை. மீட்சியும் வாதத்தால் வரவில்லை. இறைவன் உள்ளத்தில் இட்ட ஓர் ஒளியால் வந்ததென்றே எழுதுகிறார். தருக்கத்தில் தலைசிறந்த ஒருவர் இவ்வாறு எழுத எவ்வளவு நேர்மை வேண்டும் என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஐந்தரை நூற்றாண்டுகளுக்குப் பின், 1641இல், பிரெஞ்சு நாட்டு ரெனே டேக்கார்ட் தம் தத்துவ நூலில் இதே கனவு வாதத்தை எழுப்பினார். மேலைநாட்டு மாணவர் அதனைத் தத்துவத்தின் முதற்பாடமாகக் கற்கின்றனர். நம் மாணவரும் டேக்கார்ட்டை அறிவர். கஸ்ஸாலியை அறிந்தோர் சிலரே. நிற்க. இன்றைய உறக்க ஆய்வும் இவ்வினாவை விட்டுவிடவில்லை. 1953இல் சிகாகோ பல்கலைக்கழகத்தின் அசெரின்ஸ்கி, கிளைட்மன் என்னும் இருவர், உறக்கத்தின் ஒரு பகுதியில் மூடிய இமைகளுக்குள் விழிகள் விரைந்து அசைவதையும், அவ்வேளை எழுப்பப்பட்டோர் பெரும்பாலும் கனவு கண்டதாய்க் கூறுவதையும் கண்டறிந்தனர். அப்பொழுது மூளை ஏறத்தாழ விழிப்பிற்குரிய அளவு இயங்குகிறது. உடல் தசைகளோ தளர்ந்து கிடக்கின்றன. நெற்றிக்குப் பின்னுள்ள, சீர்தூக்கி ஆராயும் பகுதிகள் சில அடங்கியிருப்பதைப் பின்வந்த ஆய்வுகள் காட்டின. கனவில் ஐயம் எழாமைக்கு அது ஒரு காரணமாகலாம். நீதிபதி உறங்குகின்ற மன்றம் அது!

நம் தமிழும் இந்நிலைகளை நுட்பமாய்ப் பகுத்த மொழியே. நனவு, கனவு, உறக்கம், பேருறக்கம், உயிர்ப்படக்கம் என ஐந்து நிலைகளைச் சைவ சித்தாந்தம் பேசும். வள்ளுவர் கனவுக்கென்று ஓர் அதிகாரமே வகுத்தார். எனினும் அங்கே கனவு பிரிந்தவர்க்கு ஆறுதல். கஸ்ஸாலிக்கோ அது அறிவின் உரைகல்.

ஐயம் தீர்ந்தபின் அன்னார் கலாம், தத்துவம், பாத்தினிய்யாக் கொள்கை, ஸூஃபி நெறி ஆகிய நான்கையும் முறையே ஆராய்ந்தார். கற்பித்தலுக்கும் எழுத்துக்கும் இடையே கிடைத்த நேரத்தில், ஆசிரியர் துணையின்றி, இரண்டாண்டுக்கும் குறைந்த காலத்தில் தத்துவத்தைக் கற்றுத் தேர்ந்தார். ஸூஃபி நூல்களைக் கற்றதும் ஓர் உண்மை புலப்பட்டது: இந்நெறியின் சாரம் ஏட்டில் இல்லை, சுவைத்தறிவதில் இருக்கிறது. இதற்கு அன்னார் காட்டும் உவமை சுவையானது. மருத்துவன் போதையின் இலக்கணத்தையும் காரணத்தையும் அறிவான். அவனிடம் போதை இல்லை. குடித்தவனுக்கு இலக்கணம் தெரியாது. ஆனால் போதையில் இருப்பவன் அவனே. உடல்நலத்தின் இலக்கணத்தை அறிவது வேறு, நலமாய் இருப்பது வேறு.

இவ்வறிவு அன்னாரைத் தம் வாழ்வையே நோக்க வைத்தது. கற்பிப்பது இறைவனுக்காகவா, புகழுக்காகவா? விடை கசந்தது. ஒருநாள் புறப்படத் துணிவார். மறுநாள் மனம் மாறுவார். 1095 ஜூலை முதல் ஏறத்தாழ ஆறு திங்கள் இவ்வாறு கழிந்தன. இறுதியில் நா எழவில்லை. மாணவர் மனம் மகிழ ஒரு நாளேனும் பாடம் சொல்ல முயன்றார். ஒரு சொல்லும் வரவில்லை. துயரம் உள்ளே இறங்க, உணவும் செரிக்காமல் போயிற்று. மருத்துவர் கைவிட்டனர், நோய் உள்ளத்தில் தோன்றி உடலில் பரவியது, கவலை நீங்கினாலன்றித் தீராது என்றனர். உடலுறுப்பில் பழுதின்றி மனநெருக்கடியால் குரல் அற்றுப்போகும் நிலையை இன்றைய உளவியலும் நன்கறியும். 1092இல் நிஜாமுல் முல்க் கொலையுண்டதையும், அதன்பின் எழுந்த அரசியல் குழப்பத்தையும் காட்டி, அச்சத்தாலேயே அன்னார் பாக்தாதை விட்டார் என்று எழுதுவோரும் உளர். அச்சம் சிறிதும் இல்லை என்று நாம் வாதிட வேண்டியதில்லை. ஆனால் அஞ்சி ஓடியவர் மற்றொரு மன்னரின் அவையை நாடியிருப்பார். இவரோ பள்ளிவாசலின் மனாராவை நாடினார்.

மக்கா செல்வதாக வெளியே சொல்லி, 1095 நவம்பரில் டமாஸ்கஸ் புறப்பட்டார். குடும்பத்தார் உணவுக்கு வேண்டியதை ஒதுக்கிவைத்து, ஏனைய செல்வத்தைப் பகிர்ந்தளித்தார். துறவு பேசுவோர் பலர் மறக்கும் கடமை இது. நிஜாமிய்யாவில் தம்பி அஹ்மது அவர்கள் பாடம் நடத்தினார். டமாஸ்கஸின் உமய்யாப் பள்ளிவாசல் மனாராவில் ஏறி, கதவை அடைத்துக்கொண்டு பகல் முழுதும் தனித்திருந்தார். பிறகு ஜெரூசலம், ஹெப்ரோன், மக்கா, மதீனா. நாற்பது பகுதிகள் கொண்ட ‘இஹ்யா உலூமித்தீன்’ இக்காலத்தின் விளைவு. அதில் உள்ளத்தை ஒரு குளமாகக் காட்டுகிறார். ஐம்புலன்கள் அதில் வந்து விழும் ஐந்து கால்வாய்கள். கால்வாய்களை அடைத்து, அடித்தளத்தைத் தோண்டித் தூர் எடுத்தால், தூய நீர் உள்ளிருந்தே ஊறும். தனிமையும் திக்ரும் அத்தூரெடுப்பு.

உறக்கத்தை அன்னார் மற்றொரு வகையிலும் பயன்படுத்தினார். உறக்கத்தையே அறியாத ஒருவனிடம், மனிதர் சிலர் பிணம்போல் கிடப்பர், காணார், கேளார், ஆயினும் அப்பொழுதே மறைவானவற்றை அறிவர் என்று சொன்னால், அவன் நகைத்து மறுப்பான் அன்றோ? அறிவுக்கு அப்பாற்பட்ட நிலைகளை மறுப்பவர் நிலையும் இதுவே. நபித்துவத்தின் சிறு மாதிரியை இறைவன் உறக்கத்தில் வைத்தான் என்பது அன்னார் துணிபு. உளவியலின் முன்னோடியான அமெரிக்கப் பேராசிரியர் வில்லியம் ஜேம்ஸ், 1902இல் வெளிவந்த தம் சமய அனுபவ நூலில் கஸ்ஸாலியின் இப்பகுதிகளைப் பிரெஞ்சு மொழிபெயர்ப்பின் வழி விரிவாக எடுத்தாண்டார். மயக்கவாயுவைத் தாமே நுகர்ந்து உணர்வுநிலைகளைச் சோதித்தவர் அவர். போதை உவமையின் பொருளை அவரினும் நன்குணர்ந்தோர் அரியர்.

பிள்ளைகளின் அழைப்பு அன்னாரை ஊர் திருப்பியது. 1106இல் அமைச்சரின் வற்புறுத்தலால் நைசாப்பூரில் மீண்டும் கற்பித்தார். சில காலத்தில் தூஸுக்கே திரும்பி, வீட்டருகே மதரஸாவும் ஸூஃபிகளுக்கு உறையுளும் அமைத்தார். 1111 டிசம்பரில் ஒரு திங்கட்கிழமை வைகறையில் உளூச் செய்து தொழுதார். கஃபன் துணியைக் கேட்டு வாங்கி முத்தமிட்டுக் கண்களில் ஒற்றிக்கொண்டார். கால் நீட்டிக் கிப்லாவை நோக்கிப் படுத்தார். பொழுது விடியுமுன் உயிர் பிரிந்தது.