இரு மயில்களும் ஒரு மானும்

ஊர்ஜயந்தகிரி எனச் சமண நூல்கள் போற்றும் கிர்நார் மலைக்கு யாத்திரை செல்வோர், ஜூனாகட் நகரிலிருந்து மலையடிவாரத்தை நோக்கிச் செல்லும் வழியில் ஒரு பெரும்பாறையைக் காண்பர். தம் திருமண விருந்துக்கென்று அடைத்து வைக்கப்பட்டிருந்த விலங்குகளின் ஓலம் செவியில் விழுந்ததும் தேரைத் திருப்பித் துறவு பூண்ட நேமிநாத தீர்த்தங்கரர் வீடுபேறெய்திய மலை அது. அம்மலையின் அடியில் கிடக்கும் பாறையில், ஓர் அரசன் தன் அடுக்களையைப் பற்றி வெட்டுவித்த செய்தி இருப்பது வியப்புக்குரிய பொருத்தமாகும். முன்பு நாள்தோறும் பல நூறாயிரம் உயிர்கள் கறிக்காகக் கொல்லப்பட்ட அரண்மனை அடுக்களையில், இப்போது மூன்றே உயிர்கள் கொல்லப்படுகின்றன. அவை இரு மயில்களும் ஒரு மானும். அந்த மானும் நாள்தோறும் அன்று. இனி இம்மூன்றும் கொல்லப்படமாட்டா என்பது அச்செய்தியின் சாரம். அதை வெட்டுவித்தவர் மௌரியப் பேரரசர் அசோகர்.

அரசர்கள் தம் வெற்றியைக் கல்லில் பொறிப்பது உலக வழக்கு. தம் குறையைப் பொறித்தவர் அரியர். இன்னும் இரண்டு மயில்கள் மிச்சம் உள்ளன என்று நாடறிய ஒப்புக்கொள்ளும் துணிவு, படை நடத்தும் துணிவினும் பெரிது. மயில் தானே உதிர்த்த பீலியால் சிற்றுயிர்களை மெல்ல விலக்கி அமரும் முனிவரை வணங்கிப் பழகியோர்க்கு அச்செய்தி நெஞ்சை உறுத்தும் என்பதும் உண்மை. அந்த உறுத்தலோடுதான் அசோகரின் வாழ்வைக் காணவேண்டும்.

மௌரிய மரபை நிறுவிய சந்திரகுப்தரின் பேரர் அவர், பிந்துசாரரின் மைந்தர். பாட்டனார் தம் இறுதிக் காலத்தில் அரசு துறந்து, பத்திரபாகு முனிவருடன் தென்னாடு போந்து, சிரவணபெளகொளவின் சந்திரகிரியில் சல்லேகனை நோன்பிருந்து உயிர் நீத்தார் என்பது திகம்பர மரபு. ஆயினும் அவர் அரசாண்ட நாளில் வேட்டை ஒரு பெருவிழாவாக நிகழ்ந்தது. செலூக்கசின் தூதராகப் பாடலிபுத்திரத்தில் இருந்த மெகஸ்தனிஸ் அதனை விரித்துரைத்துள்ளார். ஆயுதம் ஏந்திய மகளிர் சூழ அரசர் புறப்படுவார். செல்லும் வழியின் இருபுறமும் கயிறு கட்டப்படும். கயிற்றைத் தாண்டி உள்ளே புகுந்தோர்க்கு மரணமே தண்டனை. அத்தகைய அரண்மனையில் வளர்ந்தவர் அசோகர்.

கி.மு. 268-ஆம் ஆண்டளவில் அவர் முடிசூடினார். முடிசூடி எட்டு ஆண்டுகள் ஆனபின் கலிங்கத்தின்மேல் படையெடுத்தார். ஒரு இலட்சம் பேர் மாண்டனர், ஒன்றரை இலட்சம் பேர் சிறைப்பிடித்துக் கொண்டுசெல்லப்பட்டனர், அதனினும் பன்மடங்கினர் பின்னர் மடிந்தனர் என்ற கணக்கைத் தந்தவர் பகைவர் அல்லர். வென்ற அரசரே தந்தார். அப்போருக்குப் பின் அவருள் எழுந்த கழிவிரக்கம் உலகறிந்தது. புத்தரின் நெறியில் இல்லறத்தாராக இணைந்தார் என்பதும் பலரும் அறிந்ததே. மக்களைக் கொன்றதற்காக எழுந்த அந்த இரக்கம் மக்களோடு நின்றுவிடாமல் பறவைக்கும் விலங்குக்கும் மீனுக்கும் எறும்புக்கும் பரந்து சென்ற வழி அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

முதலில் நின்றது வேட்டை. முன்னைய மன்னர் இன்பப் பயணம் எனப் புறப்பட்டு வேட்டையாடி மகிழ்ந்தனர். அசோகரோ முடிசூடிய பத்தாண்டளவில் போதிமரம் நின்ற இடத்துக்குச் சென்று, அதுமுதல் தம் பயணங்களை அறப் பயணங்களாக மாற்றிக்கொண்டார். துறவியரையும் அந்தணரையும் முதியோரையும் காண்பதும், நாட்டுப்புற மக்களோடு அறம் பேசுவதும் வேட்டையின் இடத்தைப் பிடித்தன. அரசர் கைவிட்டதை அரசுப் பணியாளரும் கைவிட்டனர். ஆப்கானிஸ்தானத்துக் கந்தகாரில் 1958-இல் கண்டறியப்பட்ட கல்வெட்டு, கிரேக்கத்திலும் அரமேயத்திலும் எழுதப்பட்டது. அரசர் உயிர்க்கொலையைத் தவிர்த்தார், அதனைக் கண்டு அரச வேட்டுவரும் மீனவரும் தம் தொழிலை நிறுத்தினர் என்று அது அறிவிக்கிறது.

கொல்லாமை அறத்தின் ஒரு பாதி, காத்தல் மறுபாதி. மனிதர்க்கும் விலங்குக்கும் என இருவகை மருத்துவத்துக்கு அவர் ஏற்பாடு செய்தார். இருவர்க்கும் பயன்படும் மூலிகைகளும் வேர்களும் கனிகளும் எங்கெங்கு இல்லையோ, அங்கெல்லாம் அவற்றை வருவித்து நடச்செய்தார். சாலையோரம் ஆலமரங்களை வைத்ததற்கு அவர் கூறிய காரணம், அவை மாவினுக்கும் மக்களுக்கும் நிழல் தரும் என்பது. கிணறுகளும் அவ்வாறே இருவர்க்குமாகத் தோண்டப்பட்டன. வழிப்போக்கனுக்கு நிழல் தந்த அரசர் பலர் உண்டு. அவனோடு நடந்துவந்த எருதையும் நினைந்து மரம் நட்டவரை எண்ணிவிடலாம். கிர்நார் அடிவாரத்தில் சந்திரகுப்தரின் அதிகாரி அமைத்த சுதர்சன ஏரிக்கும் அசோகர் காலத்தில் கால்வாய்கள் வெட்டப்பட்டன. அச்செய்தியைச் சொல்வது, அதே பாறையில் ஏறத்தாழ நானூறு ஆண்டுகளுக்குப் பின் ருத்ரதாமன் வெட்டுவித்த சாசனம்.

இம்மருத்துவப் பணி நடந்த நாடுகளில் சோழர், பாண்டியர், சத்தியபுத்திரர், கேரளபுத்திரர் ஆகியோரின் நாடுகளும் தாமிரபரணி எனப்பட்ட இலங்கையும் எண்ணப்பட்டுள்ளன. இவை பேரரசின் எல்லைக்கு அப்பாற்பட்டவை. சத்தியபுத்திரர் யாவர் என அறிஞர் நெடுங்காலம் வாதிட்டனர். 1981-இல் திருக்கோவலூரை அடுத்த ஜம்பையில், துறவியர் உறைவதற்குப் பாழி ஈந்த அதியமான் நெடுமான் அஞ்சியைச் சதியபுதோ எனக் குறிக்கும் தமிழிக் கல்வெட்டு வெளிப்பட்டபோது அவ்வாதம் பெரும்பாலும் ஓய்ந்தது. அசோகர் மூலிகை அனுப்பிய நாட்டு மரபில், ஔவைக்கு நெல்லிக்கனி ஈந்தவனும் வந்தான்.

முடிசூடி 26 ஆண்டுகள் ஆனபின் அவர் தூண்களில் பொறித்த ஆணை, உயிர்க் காப்புக்கென ஓர் அரசு இயற்றிய மிகப் பழைய சட்டங்களுள் ஒன்று. கொல்லத்தகாதவை என ஒரு பட்டியல் அதில் உண்டு. கிளி, நாகணவாய், சக்கரவாகம், அன்னம், வௌவால், ஆமை, முள்ளம்பன்றி, காட்டுப்புறா, ஊர்ப்புறா எனச் செல்லும் அவ்வரிசையில் எறும்பு வகை ஒன்றும் இடம்பெற்றுள்ளது. கங்கையின் பெயரோடு வரும் ஓர் உயிரை ஆற்று ஓங்கில் எனக் கருதும் ஆய்வாளரும் உளர். மேலும், பயன்படுத்தப்படாததும் உண்ணப்படாததுமான நாற்கால் உயிர்கள் எல்லாம் காப்புக்குள் வந்தன. சினையுற்றனவும் பாலூட்டுவனவுமாகிய ஆடு, பன்றி ஆகியவற்றையும், ஆறு திங்கள் நிரம்பாத குட்டிகளையும் கொல்லலாகாது. உயிருள்ள உமியை எரிக்கலாகாது. காரணமின்றியோ, உயிர்களைக் கொல்லும் பொருட்டோ காட்டுக்குத் தீயிடலாகாது. ஓர் உயிரை மற்றோர் உயிருக்கு இரையாக ஊட்டலாகாது.

உமியைப் பற்றிய விதியைச் சற்று நின்று நோக்கலாம். கண்ணுக்குப் புலனாகாத புழுவும் பூச்சியும் உமிக்குவியலில் வாழும் என்று அறிந்து, அதன்பொருட்டுப் பேரரசு ஒன்று ஆணை பிறப்பித்தது. நீரை வடிகட்டிப் பருகும் இல்லங்களில் இவ்விதிக்கு விளக்கம் வேண்டியதில்லை.

நாள் குறித்த விலக்குகளும் உண்டு. மூன்று சாதுர்மாசப் பௌர்ணமிகளிலும், பூசத்தோடு கூடிய பௌர்ணமியிலும், சதுர்த்தசி தொடங்கி அடுத்த பிரதமை வரை மீனைக் கொல்லவும் கூடாது, விற்கவும் கூடாது. உபோசத நாள்களுக்கும் அவ்விதியே. அந்நாள்களில் யானைக் காடுகளிலும் மீனவர்க்குரிய நீர்நிலைகளிலும் பிற உயிர்களையும் கொல்லலாகாது. அட்டமியிலும் சதுர்த்தசியிலும் காளைக்கும் கிடாவுக்கும் விதையடித்தல் விலக்கப்பட்டது. அட்டமி சதுர்த்தசி நோன்பு இன்றும் கடைப்பிடிக்கப்படும் குடும்பங்களில், இத்தூண்களின் நாட்காட்டி அயலாகத் தோன்றாது. அக்காலத்தில் சிரமண நெறிகள் பலவற்றுக்கும் பொதுவாயிருந்த புனித நாள்களையே அரசர் உயிர்களின் ஓய்வு நாள்களாக்கினார்.

இச்சட்டம் முழுமையான கொல்லாமை அன்று. உண்ணப்படும் விலங்குகள் பொதுக் காப்புக்குப் புறத்தே நின்றன. அடுக்களையில் இறுதிவரை எஞ்சிய மயில், தூணின் பட்டியலில் பெயர் பெறவில்லை. மனிதர்க்கு விதிக்கும் மரண தண்டனையையும் அசோகர் நீக்கவில்லை. மூன்று நாள் தவணை மட்டுமே தந்தார். கலிங்கத்துக்காக வருந்திய அதே சாசனத்தில், காட்டில் வாழும் மக்களுக்கு எச்சரிக்கையும் விடுத்தார். அவரைக் குறையற்ற அறவோராகக் காட்டும் நூல்கள் இவற்றை விட்டுவிடுகின்றன, விடவேண்டியதில்லை. முனிவர்க்கு மகாவிரதமும் இல்லறத்தார்க்கு அணுவிரதமும் வகுத்த நெறி, அளவிட்டு ஏற்கும் விரதத்தின் அருமையை நன்கு அறியும். அசோகர் சமண விரதம் ஏற்றவர் அல்லர். ஆயினும் இன்ன உயிர், இன்ன நாள், இன்ன இடம் என வரம்பிட்டு வன்முறையைச் சிறிது சிறிதாகச் சுருக்கிய அவர் ஆணை, அணுவிரதத்தின் வடிவத்தையே பெற்றிருக்கிறது.

ஓராண்டு கழித்து, இப்போது தில்லியில் நிற்கும் தோப்ராத் தூணில் மற்றொரு நீண்ட சாசனம் பொறிக்கப்பட்டது. தம் பணிகளை அரசர் திரும்பிப் பார்க்கும் சாசனம் அது. நிர்க்கந்தர், ஆசீவகர் உள்ளிட்ட எல்லா நெறியினர் நலனையும் கவனிக்க அதிகாரிகளை அமர்த்தியதை அதில் குறிக்கிறார். விலங்குகளைக் காக்கச் சட்டம் இயற்றியதையும் நினைவுகூர்ந்து, மக்களிடம் அறம் வளர்ந்தது சட்டத்தால் சிறிதளவே, உள்ளத்தில் பதியுமாறு எடுத்துரைத்ததால்தான் பெரிதும் என்று ஒப்புக்கொள்கிறார். இதனை எழுதியவர் கைகட்டி நின்ற ஆசிரியர் அல்லர். ஆணை மீறினால் தண்டிக்கும் ஆற்றல் முழுவதையும் கையில் வைத்திருந்த பேரரசர்.

அவர் காலத்துச் சிற்பிகள் உயிர்களை அன்போடு உற்றுநோக்கியவர்கள். சாரநாத்துத் தூணின் சிங்கங்களுக்குக் கீழே யானையும் குதிரையும் காளையும் நடக்கின்றன. லௌரியா நந்தன்கர் தூணில் அன்னங்கள் வரிசையாக இரை கொத்துகின்றன. தௌலியில் பாறையிலிருந்து யானை ஒன்று வெளிப்படுகிறது. கலிங்கத்து மண்ணில், ஆயுதம் ஏதுமின்றி.

கி.மு. 232 அளவில் அசோகர் மறைந்தார். பேரர் சம்பிரதி அருக நெறியைப் பரப்பியதாகச் சமண நூல்கள் கூறும். பேரரசு ஐம்பது ஆண்டுகளுக்குள் சிதைந்தது. பின் எழுத்தும் மறந்தது. பதினான்காம் நூற்றாண்டில் பிரோஸ் ஷா துக்ளக் தோப்ராத் தூணைப் பெரும்பாடுபட்டுத் தில்லிக்குக் கொணர்ந்து நிறுத்தியபோது, அதிலிருந்ததைப் படிக்க வல்லார் ஒருவரும் கிடைக்கவில்லை. 1837-இல் ஜேம்ஸ் பிரின்செப் அவ்வெழுத்தின் திறவுகோலைக் கண்டார். பொறித்தவரின் பெயர் அசோகர் என்பதை ஐயமறக் காட்டிய மஸ்கிக் கல்வெட்டு கிடைக்க மேலும் 78 ஆண்டுகள் ஆயின. ஆதலின், அரசர் யார் என்று உலகம் தெளிவதற்கு முன்பே, தில்லித் தூணின் எழுத்துகளைக் கூட்டிப் படித்தவர்கள் கிளி, நாகணவாய், அன்னம், வௌவால், எறும்பு, ஆமை என அவர் காத்த உயிர்களின் பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்துவிட்டனர்.