கண்ணுக்குள் பார்த்த வாத்தியார் மகன்

சர்க்கரை வியாதி உள்ளவரைக் கண் சோதனைக்குப் போகச் சொல்கிறார் டாக்டர். பார்வைதான் நன்றாக இருக்கிறதே, எதற்குப் போகவேண்டும் என்று நினைக்கிறார் நோயாளி. அங்கேதான் ஆபத்து!

விழித்திரை கெடத் தொடங்கும்போது வலிக்காது. பார்வையும் உடனே குறையாது. உள்ளே பார்த்தால்தான் தெரியும். அப்படிப் பார்க்கும் கருவியை உலகுக்குக் கொடுத்தவர் ஹெர்மன் ஹெல்ம்ஹோல்ட்ஸ்.

ஜெர்மனியில் பாட்ஸ்டாம் என்ற ஊரில் 1821-ம் ஆண்டு ஆகஸ்டு 31-ந் தேதி பிறந்தார். தகப்பனார் பள்ளிக்கூட வாத்தியார். பையனுக்குப் பவுதிகம் படிக்க ஆசை. வீட்டில் பணம் இல்லை. ராணுவ டாக்டராக வேலை பார்க்கச் சம்மதித்தால், பெர்லினில் சர்க்கார் செலவில் வைத்தியம் படிக்கலாம். வேறு வழியின்றி அதில் சேர்ந்தார்.

1849-ல் கோனிக்ஸ்பர்க் நகரில் பேராசிரியர் ஆனார். மறு ஆண்டு, மாணவர்களுக்குப் பாடம் தயாரித்தபோது கண்ணின் பாப்பாவைப் பற்றி யோசித்தார். அது ஏன் கறுப்பாகத் தெரிகிறது?

கண்ணுக்குள் போன வெளிச்சம், போன வழியே திரும்பி வருகிறது. அதைக் காண, விளக்கு இருக்கும் இடத்தில் நம் கண் இருக்கவேண்டும். தலையை அங்கே கொண்டுபோனால் விளக்கு மறைந்துவிடும்!

ஹெல்ம்ஹோல்ட்ஸ் ஒரு யுக்தி செய்தார். விளக்கைப் பக்கத்தில் வைத்து, மெல்லிய கண்ணாடித் தகடுகளைச் சாய்வாக நிறுத்தினார். தகடுகள் வெளிச்சத்தைக் கண்ணுக்குள் திருப்பின. திரும்பிய வெளிச்சத்தில் ஒரு பகுதி, தகடுகளின் வழியாக அவரிடமே வந்தது. அட்டை, பசை, மூக்குக்கண்ணாடி வில்லை, மைக்ராஸ்கோப்பில் வைக்கும் சிறு கண்ணாடிகள். சாமான் இவ்வளவுதான். ஒரு வாரம் போராடினார். உயிருள்ள மனிதரின் விழித்திரை, ரத்தக் குழாய்களோடு தெரிந்தது. அப்போது அவருக்கு வயது 29.

சில ஆண்டுகளில், வியன்னாவின் கண் டாக்டர் எட்வர்ட் யேகர், நீரிழிவு நோயாளியின் விழித்திரையில் மாறுதல்களைக் கண்டு எழுதினார். இன்று டாக்டர்கள் அந்த மாறுதல்களை ஐந்து படிகளாகப் பிரிக்கிறார்கள். கோளாறே இல்லாதது முதல் படி. குழாய்கள் புடைத்து, குண்டூசி முனைபோல் சிவப்புப் புள்ளிகள் மட்டும் தெரிந்தால் இரண்டாவது. ரத்தக் கசிவும் சேர்ந்தால் மூன்றாவது. விழித்திரையின் நான்கு பாகங்களிலும் ஏராளமாகக் கசிந்திருந்தால் நான்காவது. புதுக் குழாய்கள் முளைத்தால் ஐந்தாவது. இவை மிகவும் பலவீனமானவை. உடைந்து ரத்தம் பரவினால் பார்வை மறைந்துவிடும். விழித்திரையின் நடுவே வீக்கமோ எந்தப் படியிலும் வரலாம். காலத்தில் கண்டுகொண்டால் லேசர், ஊசி மருந்து இருக்கின்றன.

ஹெல்ம்ஹோல்ட்சின் பழைய ஆசை என்ன ஆயிற்று? 1871-ல், ஐம்பது வயதாகும் ஆண்டில், பெர்லினில் பவுதிகப் பேராசிரியர் ஆனார்! 1893-ல் அமெரிக்கா போய்த் திரும்பும்போது கப்பலில் கீழே விழுந்து அடிபட்டார். 1894-ம் ஆண்டு செப்டம்பர் 8-ந் தேதி காலமானார்.