மேதையின் வயிற்றிலே ஒரு கரை உடைப்பு

பூம்புகாரிலே கடலைத் தொடும் காவிரியை நம்பி வாழும் உழவர் தோழருக்கு, ஆற்றங்கரையின் குணத்தை நாம் சொல்லித்தர வேண்டியதில்லை. வெள்ளத்திலே கரை உடையுமுன் ஓரிடத்தில் மண் இளகும், புடைக்கும், கசியும். பக்கத்துக் களிமண் அந்தக் கசிவைச் சில காலம் தாங்கிப் பிடிக்கும். கசிவு நின்றுவிட்டதென்று உறங்கப் போகிறவன் ஊரையே இழப்பான்.

மனித உடலிலும் ஓர் ஆறு ஓடுகிறது. இதயத்தில் புறப்பட்டு, முதுகெலும்பை ஒட்டி வயிற்றுக்குள் இறங்கும் பெருந்தமனியே அது. அந்தக் கரை உடைந்துதான் மறைந்தார், அறிவுலக மாமேதை ஆல்பர்ட் ஐன்ஸ்டீன்.

1879-இல் ஜெர்மனியின் உல்ம் நகரில், யூதக் குடும்பத்திலே பிறந்தவர் அவர். பட்டம் பெற்றும் கல்லூரிகளில் வேலை கிட்டாமல், சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரிலே காப்புரிமை அலுவலக ஊழியரானார். அந்த நாற்காலியில் இருந்தபடியே 1905-இல், பௌதிகத்தைப் புரட்டிப்போட்ட கட்டுரைகளைத் தந்தார். 1921-ஆம் ஆண்டுக்குரிய நோபல் பரிசு அவரைத் தேடி வந்தது. 1933-இல் இட்லர் ஆட்சியேறி, பிறப்பைக் காட்டி மனிதனைத் தாழ்த்துவதையே அரசநீதி ஆக்கியபோது, தாயகம் திரும்ப மறுத்து அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் குடியேறினார். அங்கும் வாய்மூடி இருந்தாரில்லை. கறுப்பின மக்கள் ஒடுக்கப்படுவதைக் கண்டித்தார். 1949-இல் சமதர்மத்தை ஆதரித்துக் கட்டுரை தீட்டினார்.

இப்படிப்பட்டவரை வயிற்றுவலி பல ஆண்டுகள் வாட்டியது. 1948 டிசம்பரில், புரூக்ளின் யூத மருத்துவமனையிலே ருடால்ஃப் நிஸ்ஸன் அவர் வயிற்றைத் திறந்து பார்த்தார். அந்த மருத்துவரும் இட்லர் ஆட்சியால் ஜெர்மனியைத் துறந்தவரே. பெருந்தமனி ஒரு பெரிய சாத்துக்குடி அளவுக்குப் புடைத்திருந்தது. அதை நீக்கி மாற்றுக் குழாய் பொருத்தும் முறை அன்று இல்லை. பாரிசிலே அதைச் செய்து காட்டியது 1951-இல்தான். ஆகவே நிஸ்ஸன், புடைப்பின்மேல் செலோஃபேன் தாளைச் சுற்றினார். தாள் உறுத்த, சுற்றிலும் தழும்பு வளர்ந்து கரைக்கு அண்டை கொடுக்கும் என்பது கணக்கு. அந்த அண்டையிலே ஆறாண்டுக்குமேல் வாழ்ந்தார் ஐன்ஸ்டீன்.

1955 ஏப்ரலில், அணு ஆயுதப் போரை எதிர்க்கும் ரஸ்ஸலின் அறிக்கையில் கையெழுத்திட்டார். அடுத்த சில நாட்களில் கரை கசிந்தது. மாற்றுக் குழாய் அறுவை அதற்குள் வந்துவிட்டது. நியூயார்க்கிலிருந்து பிராங்க் கிளென் என்ற நிபுணரும் வந்தார். செயற்கையாக ஆயுளை நீட்டிக்க விரும்பாத மேதை மறுத்துவிட்டார். ஏப்ரல் 18 அதிகாலை, 76-ஆம் வயதில் மறைந்தார். அது அவர் அறிந்து எடுத்த முடிவு, மதிக்கிறோம். அறியாமல் மடிவது வேறு!

சிலருக்குக் கசிவு வாரக்கணக்கில், மாதக்கணக்கில்கூட அடங்கி நிற்பதுண்டு. கிழிந்த தமனியின் இரத்தத்தை முதுகெலும்பும் அருகிலுள்ள தசையும் தடுத்து நிறுத்தும். நாடி ஒழுங்காகவே இருக்கும். இடுப்பிலும் தொடையிலும் வலி மட்டும் இருக்கும். மூட்டை தூக்கியதால் வந்ததென்று நாம் தைலம் தேய்ப்போம். தண்டுவட நோயென்று மருத்துவரும் ஏமாறுவதுண்டு. அல்ட்ராசவுண்ட் புடைப்பைக் காட்டும், சி.டி. ஸ்கேன் கசிவையும், அரித்துப்போன எலும்பையும் காட்டும். கண்டபின் காலம் கடத்தலாகாது. எந்த நேரமும் கரை முழுதும் உடையலாம். வயிற்றைத் திறந்து செயற்கைக் குழாய் பொருத்துவார்கள். அல்லது தொடைத் தமனி வழியே ஸ்டென்ட் குழாயைச் செலுத்துவார்கள். சென்னை அரசு பொது மருத்துவமனையிலே இரத்தநாள அறுவைக்கெனத் தனித்துறையே உண்டு. பெரிய அறுவைக்கு ஏழை அஞ்சி நிற்கலாகாது என்றுதான், 2009-இல் கலைஞர் அரசு உயிர்காக்கும் காப்பீட்டுத் திட்டத்தைத் தொடங்கியது.

தோழர்களே! இந்தக் கரையில் வளை தோண்டும் எலி, புகையிலை. ஐன்ஸ்டீனும் புகைக்குழாய்ப் பிரியரே. பீடியை எறியுங்கள். பீடி குடித்துப் பழகி, 65 வயதைக் கடந்த ஆண்கள் ஒருமுறையேனும் வயிற்றை ஸ்கேன் செய்து பார்த்துக்கொள்ளுங்கள். 1948-இல் உலக மேதைக்குக் கிட்டியது ஒரு தாள். இன்று உழைப்பாளிக்குக் கிட்டக்கூடியது உறுதியான குழாய். வலி அடங்கிற்றென்று உறங்கிவிடாமல், கரையைப் போய்ப் பார்ப்போம்!